கடவுளுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி? கற்பனை ஆட்டங்களில் தெய்வம், மந்திரம், மானம்

1976இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு சிறுநூல் வெளிவந்தது. பெயர் ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்’. எழுதியவர்கள் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்திருந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்துக்கு அது துணைநூல். எகிப்து, கிரேக்கம், இந்தியா, வட ஐரோப்பா எனப் பல நாட்டுத் தெய்வங்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் கவச எண், வேகம், உயிர்ப்புள்ளி என்று அட்டவணை போட்டது. ஒரு பாத்திரம் எத்தனை அடி தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் உயிர்ப்புள்ளி. வட ஐரோப்பியரின் தலைமைத் தெய்வமான ஓடினுக்கு அது 300.

நூல் வந்த காரணத்தைப் பதிப்பாசிரியர் டிம் காஸ்க் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சில குழுக்களில் பாத்திரங்கள் 40 படிகளுக்கு மேல் ஏறிப்போயிருந்தன. அந்தப் போக்கு எவ்வளவு பொருளற்றது என்று காட்டவே இந்த முயற்சி. ஓடினுக்கே 300 புள்ளிதான் என்னும்போது 44ஆம் படியில் நிற்கும் வீரனை யார் மதிப்பார்கள் என்பது அவர் வாதம். விளைவு நேர்மாறாகவும் அமைந்தது. எண் என்று ஒன்று இருந்தால் அதைக் கழித்துப் பார்க்கக் கை நீளும். எச்சரிக்கையாக எழுதப்பட்ட அட்டவணையைப் பலர் வேட்டைப் பட்டியலாகப் படித்தார்கள்.

1980இல் அதே இருவர் விரித்தெழுதிய ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ வந்தபோது இந்தியப் பகுதியில் இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு, லட்சுமி ஆகியோருடன் கார்த்திகேயனும் இருந்தான். தமிழ் வாசகர் அந்தப் பக்கத்தில் சற்று நின்றுதான் கடக்க முடியும். தைப்பூசத்துக்குக் கால்நடையாகப் போய்க் கும்பிடும் கடவுளுக்கு, எத்தனை அடி விழுந்தால் உயிர் போகும் என்று ஒரு கணக்கு அங்கே இருக்கிறது. இதில் வேண்டுமென்றே செய்த அவமதிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. தெய்வத்தன்மை, அருள், மானம் போன்றவற்றை ஆட்ட விதியாக மாற்ற முடியுமா? மாற்றினால் அவற்றில் எது மிஞ்சுகிறது?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். எண் நுழைந்த இடத்தில் புனிதம் நிற்காது என்பது ஒன்று. இது வெறும் ஆட்டம், எண் இல்லாமல் ஆட்டம் ஏது என்பது மற்றொன்று. இரண்டும் எண்ணைப் பற்றியே பேசுகின்றன. அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பதில்லை. ஐம்பது ஆண்டு ஆட்ட வரலாற்றைப் பார்த்தால் வேறொரு கோடு தெரிகிறது. வலிமையை அளந்த விதிகளில் தெய்வம் இன்னொரு மிருகமாகிவிட்டது. எதைக் கொடுத்து எதைப் பெறுவது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதை அளந்த விதிகளில் அது ஆட்டக்காரரின் நடத்தைக்குள் இறங்கியிருக்கிறது.

பூசாரி எப்படிப் பிறந்தார்

1974 ஜனவரியில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சிறுநூல்கள் இருந்தன. முதல் அச்சு 1,000 பிரதிகள். ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய பாத்திர வகைகளும் மூன்றே: போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக். கிளெரிக் என்பவர் தெய்வத்துக்கு ஊழியம் செய்பவர். கவசமும் அணிவார், மந்திரமும் சொல்வார்.

இந்த வகையின் பிறப்பில் இறையியல் எதுவும் இல்லை. 1971இல் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரர் இரத்தக்காட்டேரியாக மாறி மற்றவர்களைத் திணறடித்தார். அவரை எதிர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. காட்டேரிப் படங்களில் சிலுவையோடு வரும் வேட்டைக்காரரை மாதிரியாக வைத்து ஒரு பாதிரியார் உருவானார். கூரிய ஆயுதம் கூடாது என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் பேயோ திரைச்சீலையில் ஆயர் ஓடோ கையில் தண்டத்தோடு காணப்படுகிறார். குருமார் இரத்தம் சிந்தக் கூடாது என்பதால்தான் வாளுக்குப் பதில் தண்டம் என்று நெடுங்காலமாக ஒரு விளக்கம் உண்டு. அந்தத் தண்டம் பதவியின் அடையாளம் என்றே இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வரலாறாக அந்த விளக்கம் தளர்ந்துவிட்டாலும் ஆட்டத்தில் அது ஒரு நல்ல காரியம் செய்தது. கையில் வாள் கிடைத்தும் எடுக்க முடியாத ஒரு பாத்திரத்தை அது உருவாக்கியது.

முதல் விதிநூலில் முதற்படி கிளெரிக்குக்கு மந்திரம் எதுவும் கிடையாது. இறந்தும் நடமாடுபவற்றை விரட்ட மட்டும் முடியும். அடுத்த படியில்தான் முதல் மந்திரம் கிடைக்கும். 1979இல், ஆட்டத்தை நடத்தும் நடுவருக்காகக் கைகாக்ஸ் எழுதிய கையேடு இந்த ஏணியை இன்னும் நுணுக்கமாக வரைந்தது. முதல் இரண்டு நிலை மந்திரங்கள் பூசாரியின் சொந்தப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் வரும். மூன்று முதல் ஐந்து வரை தெய்வத்தின் பணியாளர்கள் தருவார்கள். ஆறாவதும் ஏழாவதும் தெய்வமே நேரில் தர வேண்டும். அந்த நேரத்தில் நடுவர், தெய்வத்தின் குரலில் பூசாரியின் நடத்தையைக் கணக்குக் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. மந்திரவாதி ஏட்டைப் படித்து மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்கிறார், அது கல்வி. பூசாரி கேட்டு வாங்குகிறார், அது உறவு. படி ஏற ஏற மந்திரவாதி தனித்து நிற்கிறார், பூசாரியோ மேலும் மேலும் இன்னொருவரைச் சார்கிறார். ஒரே ஆட்டத்தில் இரண்டு வகை மந்திரம் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் அந்த நூல்களில் இல்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான மேசைகளில் அந்தக் கணக்குக் கேட்பது நடப்பதில்லை. காயம் ஆற்றுபவர் என்ற வேலையே கிளெரிக்குக்கு மிஞ்சியது.

தவறினால் பறிபோகும் தகுதி

1975இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூல் பாலடின் என்ற வகையைச் சேர்த்தது. புனித வீரர் என்று சொல்லலாம். போல் ஆண்டர்சனின் ‘திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்’ நாவலின் நாயகன் இதற்கு மூலம். 1978 ஆட்டக்காரர் கையேட்டில் விதிகள் கூர்மையாயின. மனிதராக மட்டுமே இருக்கலாம். கவர்ச்சி எண் 17க்குக் குறையக் கூடாது. பத்துக்கு மேல் மந்திரப் பொருள் வைத்திருக்கக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை உடனே தானமாகக் கொடுத்துவிட வேண்டும். ஒழுங்கை மீறினால் பெரிய குருவிடம் அறிக்கையிட்டுப் பரிகாரம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தால் தகுதி போய்விடும், திரும்பக் கிடைக்காது.

படிக்கும்போது கம்பீரமாக இருக்கும் இந்த விதி, ஆடும்போது பெரும் சச்சரவைக் கிளப்பியது. எது தீமை என்று தீர்மானிப்பது நடுவரின் கையில் இருந்ததுதான் காரணம். ஓர்க் என்னும் அரக்கர் கூட்டத்தை வென்ற பின் அவர்களின் குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி பல தலைமுறை ஆட்டக்காரர்களை வாட்டியிருக்கிறது. கொன்றாலும் பாலடின் வீழ்வார். விட்டுவிட்டால் நாளை ஊரை எரிப்பவர்களை வளர்த்தவர் என்பதால் வீழ்வார். எப்படிப் போனாலும் வீழ்ச்சி என்று நடுவர் முன்பே முடிவு செய்து விரித்த வலையில் ஆட்டக்காரர் சிக்கினார்.

சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1970களின் இறுதியில் மினியாபொலிஸ் பகுதிக் குழுக்களோடு இருந்து ஆராய்ந்து, 1983இல் ‘ஷேர்டு ஃபேண்டசி’ என்ற நூலை எழுதினார். மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே நேரத்தில் மூன்று சட்டகங்களில் இயங்குகிறார் என்பது அவர் காட்டிய உண்மை: நாளை வேலைக்குப் போக வேண்டிய மனிதர், விதி தெரிந்த ஆட்டக்காரர், விதி எதுவும் அறியாத பாத்திரம். பாலடின் சச்சரவை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோளாறு விளங்கும். தண்டனை பாத்திரத்துக்கு என்று சொல்லப்படுகிறது. பறிபோவதோ, பல மாதம் செலவழித்து வளர்த்த ஆட்டக்காரரின் உடைமை. மனம் புண்படுவது மனிதருக்கு. நடுவர் தன் சொந்த அறநெறியைத் தெய்வத்தின் வாயில் வைத்துப் பேசும்போது, அங்கே தெய்வம் இல்லை. இரு நண்பர்களுக்கு நடுவிலான அதிகாரம் மட்டுமே இருக்கிறது.

பிந்தைய பதிப்புகள் இந்த முள்ளைப் பிடுங்கின. 2008இன் நான்காம் பதிப்பில் பாலடினின் ஆற்றலைப் பறிக்கும் விதியே இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பு அவரைத் தெய்வத்திடமிருந்து பெரிதும் விலக்கி, அவர் எடுக்கும் உறுதிமொழியையே ஆற்றலின் ஊற்றாக்கியது. பக்தி, இயற்கை, பழிவாங்கல் என்று உறுதிமொழிகள் வேறுபட்டன. எது மீறல் என்பது ஆட்டம் தொடங்கும்போதே ஆட்டக்காரருக்குத் தெரியும் என்பதுதான் இதில் உண்மையான முன்னேற்றம்.

வரமும் விரதமும்

இதே சிக்கலுக்கு வேறொரு பாதை 1978இலேயே திறந்திருந்தது. ஸ்டீவ் பெரினும் நண்பர்களும் விதிகளை எழுத, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டம் அது. கதை நடக்கும் உலகமான குளோராந்தா, கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966 முதல் கட்டி வந்தது. ஸ்டாஃபோர்ட் தொன்மங்களைப் படித்தவர் மட்டுமல்லர். ஷாமன் மரபுகளில் நேரடியாக ஈடுபட்டவர். அந்த வேறுபாடு விதிகளில் தெரிகிறது.

குளோராந்தாவில் பூசாரி என்று தனி வகை கிடையாது. எல்லோருக்கும் ஏதோ ஒரு தெய்வ வழிபாட்டோடு தொடர்பு உண்டு: உழவருக்கு, வீரருக்கு, வணிகருக்கு. தெய்வம் தரும் ரூன் மந்திரம் வேண்டுமென்றால் பாத்திரம் தன் ஆன்ம வலிமையைக் குறிக்கும் எண்ணிலிருந்து ஒரு பங்கை நிரந்தரமாகத் தெய்வத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதே எண்தான் எதிரியின் மந்திரத்தைத் தடுத்து நிற்பதற்கும் உதவுவது. ஆகவே ஒவ்வொரு வரமும் உடலிலிருந்து அறுத்துக் கொடுத்தது போன்றது. இங்கும் எண் இருக்கிறது. ஆனால் அது தெய்வத்தின் எண் அன்று, அடியவரின் எண்.

1979இல் வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’ நூல் இதன் உச்சம். ஒவ்வொரு வழிபாட்டின் தொன்மம், சேரும் முறை, கடமை, தடை, விட்டு விலகினால் துரத்தி வரும் ஆவி எல்லாம் அதில் உண்டு. மரணத்தின் தெய்வமான ஹுமக்தை எடுத்துக்கொள்ளலாம். அவன் அடியார் வாளின் வலிமையைக் கூட்டும் வரம் பெறலாம். பதிலுக்கு ஒரு விரதத்தை வாழ்நாள் முழுதும் காக்க வேண்டும். வாள் தவிர வேறு ஆயுதம் தொடாதிருப்பது போன்றவை அந்த விரதங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹுமக்தின் அடியாரை யாரும் உயிர்ப்பிக்கக் கூடாது. உயிர்ப்பிக்கும் மந்திரம் உள்ள உலகில் அதை மறுத்து வாழ்பவர் அவர். மறுபுறம் சலானா அராய் என்னும் குணமளிக்கும் தேவியின் அடியார் எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று சத்தியம் செய்தவர். சண்டை நிறைந்த ஆட்டத்தில் சண்டையே செய்யாத பாத்திரத்தை ஒருவர் விரும்பி எடுக்கிறார். நேர்த்திக்கடன் என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

பாலடினின் விதிக்கும் இதற்கும் ஒரு பெரிய இடைவெளி உண்டு. ‘நல்லவனாக இரு’ என்பது யாரும் தம் விருப்பப்படி அளக்கக்கூடிய கட்டளை. ‘வாள் தவிர வேறு ஆயுதம் தொடாதே’ என்பதைத் தொட்டாயா இல்லையா என்று மேசையில் உள்ள எல்லோரும் அறிவார்கள். அது அறநெறிக் கட்டளை அன்று, நோன்பு. நோன்புக்குக் காரணம் கேட்பதில்லை என்பதே அதன் வலிமை.

மானத்துக்கு மதிப்பெண்

1985இல் ஸ்டாஃபோர்ட் ஆர்தர் மன்னன் கதைகளை அடியொற்றி ‘பென்ட்ராகன்’ ஆட்டத்தை வெளியிட்டார். இதில் ஒவ்வொரு வீரருக்கும் 13 இணைக் குணங்கள்: வீரம்–கோழைமை, இரக்கம்–கொடுமை, அடக்கம்–செருக்கு, மன்னிப்பு–பழிவாங்கல் என்றவாறு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடுமை 7. இரக்கம் ஏறினால் கொடுமை தானே இறங்கும். ஒரு குணம் 16ஐ எட்டிவிட்டால் அந்த வீரர் அதற்குப் பேர்போனவர். நெருக்கடி வரும்போது ஆட்டக்காரர் நினைத்தபடி நடக்க முடியாது, பகடை உருட்டித்தான் தீர வேண்டும். விசுவாசம், காதல், மானம் போன்ற பற்றுகளுக்கும் தனித்தனி எண்கள். பற்றை எழுப்பி வென்றால் பெரும் வலிமை, தோற்றால் மனச்சோர்வு, மிக மோசமாகத் தோற்றால் பித்துப்பிடித்துக் காட்டுக்குள் ஓடலாம்.

ஆட்டக்காரரின் விருப்பத்தைப் பகடை பறிக்கிறது என்பது இதற்கு எதிரான முதன்மையான வாதம். அது சரியான வாதமே. ஆனால் தாமஸ் மாலரி 15ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஆர்தர் கதையில் லான்சலட் என்ன செய்கிறான்? அவன் காதலிக்கும் அரசி கினிவியர் சினந்து விரட்டியதும் சன்னல் வழியே குதித்து ஓடிப் பித்தனாகத் திரிகிறான். எந்த ஆட்டக்காரரும் தன் பாத்திரத்துக்கு இதைத் தானாகத் தேர்ந்தெடுக்க மாட்டார். தன் நலம் பார்த்துக் கணக்குப் போடுபவரின் கையில் காவியம் நிகழாது என்பதை ஸ்டாஃபோர்ட் புரிந்துகொண்டிருந்தார். தொடக்கத்தில் ஆட்டக்காரர்களுக்கு மந்திரமே தரவில்லை. 1993இன் நான்காம் பதிப்பில்தான் மந்திரவாதியாக ஆட வழி வந்தது. மந்திரம் அதுவரை நடுவர் பக்கத்தில், விளங்காத ஒன்றாகவே இருந்தது.

இன்னொரு நுட்பம். கிறித்தவ வீரருக்குக் கற்பும் அடக்கமும் மன்னிப்பும் நற்குணம். பழைய தெய்வங்களை வணங்கும் வீரருக்குச் செருக்கும் காமமும் ஈகையும் நற்குணம். ஒருவரின் பாவம் மற்றவரின் புண்ணியம். இருவரும் தத்தம் நெறியில் உயர்ந்தால் இருவருக்கும் அருள் கிடைக்கும், வெவ்வேறு வடிவில். எந்தச் சமயம் உண்மை என்று ஆட்டம் தீர்ப்புச் சொல்வதில்லை.

அதே 1985இல் கைகாக்ஸ் பெயரில் வந்த ‘ஓரியன்டல் அட்வென்சர்ஸ்’ நூலிலும் மானப்புள்ளிகள் உண்டு. குடும்பத்தின் மானமும் தனிமனிதரின் மானமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆனால் சீனம், ஜப்பான் எனப் பல நாட்டு வழக்கங்களைக் கலந்து ‘கிழக்கு’ என்று ஒரே பொட்டலமாக்கியதை அந்நூலின் பெரிய குறையாகவே கொள்ள வேண்டும். ஐரோப்பிய வீரனுக்கு வேண்டாத மான எண், ஆசிய வீரனுக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

1997இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ இன்னும் ஒரு படி போனது. அது மானத்துக்கு ஓர் எண்ணும் புகழுக்கு ஓர் எண்ணும் தனித்தனியே தந்தது. தமிழில் மானம், மரியாதை, கௌரவம், புகழ் என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். ஊர் பார்க்காதபோது ஒருவரைத் தடுப்பது மானம்; ஊர் கொடுப்பது மரியாதை. ஆங்கிலத்தின் ‘ஹானர்’ என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆட்டம் அதைப் பிரித்துக் காட்டியது. எனினும் அதன் மானக் கோட்பாட்டுக்கு அடிப்படையான புஷிடோவின் ஏழு நற்குணங்கள் பழைய சாமுராய் ஏடுகளிலிருந்து அப்படியே வந்தவை அல்ல. இனாசோ நிதோபே என்ற ஜப்பானியக் கிறித்தவர் 1900இல் ஆங்கிலத்தில், மேலை வாசகர்களுக்காக எழுதிய நூலில் அதே ஏழும் உள்ளன. புஷிடோ பெருமளவு நவீன காலத்துக் கட்டுமானம் என்று ஓலெக் பெனெஷ் 2014இல் விரிவாக நிறுவினார். ஆட்டத்தில் உயிரோடு இயங்கும் மானம், வரலாற்றில் அதே உருவத்தில் இருந்ததில்லை.

நடுவர் இல்லாத மேசை

கணினிக்கு வந்தபோது நடுவரின் இடத்தில் நிரல் அமர்ந்தது. 1985இல் ரிச்சர்ட் காரியட் உருவாக்கிய ‘அல்டிமா IV’ இங்கே முதன்மையானது. அதில் கொல்ல வேண்டிய இறுதி எதிரி கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நெறிகளில் தேறி ‘அவதார்’ ஆக வேண்டும். நம் அவதாரம் என்ற சொல்தான். ஆனால் திசை மாறியிருக்கிறது: இங்கே தெய்வம் இறங்கி வரவில்லை, மனிதர் ஏறிப் போகிறார்.

அந்த ஆட்டத்தில் மந்திர மூலிகை விற்பவர் கண் தெரியாதவர். எவ்வளவு காசு வைக்கிறோம் என்பது நம் கையில். குறைத்து வைத்தாலும் மூலிகை கிடைக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. நேர்மையின் எண் மட்டும் உள்ளே சத்தமில்லாமல் இறங்கும். நெறிகளின் எண்கள் திரையில் ஒருபோதும் காட்டப்படுவதில்லை. அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்டால் பொதுவாக ஒரு சொல் சொல்வார். ஓடினின் 300ஐ அச்சடித்துக் கொடுத்த மரபில், எண்ணை மறைத்து வைத்தால் அது மனச்சாட்சி போல இயங்கும் என்று கண்டுபிடித்தவர் காரியட்.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ பழைய பாலடின் சச்சரவைத் திரும்ப எடுத்தது. உறுதிமொழியை மீறினால் நிரலே அதைக் கண்டுகொள்ளும். உறுதிமொழி முறித்த வீரன் ஒருவன் முகாமில் வந்து நிற்பான். 1,000 பொற்காசு கொடுத்துப் பழைய உறுதிமொழியை மீட்கலாம், அல்லது அவன் வழியில் போகலாம். எது மீறல் என்பதில் நிரலின் தீர்ப்பு சில இடங்களில் முரட்டுத்தனமாக இருக்கிறது. ஆட்டக்காரரின் நோக்கத்தை அது அறியாது, செயலை மட்டுமே அறியும். அதைவிடப் பெரிய சிக்கல், சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்பும் வசதி. மீறியதுமே பின்னால் போய் மீறாதவராகிவிடலாம். செய்ததைச் செய்யாததாக்க முடிந்தால் சத்தியத்துக்கு எடையே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அந்த ஆட்டத்தில் ஒரு புதிய முறை சேர்க்கப்பட்டது. அதில் சேமிப்பு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு செயலும் அதன் மேலேயே பதிகிறது, திரும்பிப் போகப் பழைய ஏடு கிடையாது. குழு முழுவதும் மடிந்தால் முறை முடிந்தது. தொடர்ந்து ஆட விரும்புபவர் ஆடலாம், ஆனால் அது சாதாரண ஆட்டமாகவே தொடரும். அந்த முறைக்கு லேரியன் வைத்த பெயர் ‘ஹானர் மோட்’.